குளிருக்குக் கட்டிய கூடு

அம்மருட், ஒஸ்லோ
28.05.2006

அன்புள்ள மச்சாளுக்கு,

நாயகி எழுதுகிறேன். நானும் உங்கள் தம்பியும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீங்களும் அத்தானும் அவ்விதமே இருக்க நல்லூரானை வேண்டிக்கொள்கிறேன். அத்தானின் கால்வீக்கம் வற்றிவிட்டதா? மிருசுவிலில் மழை ஏதும் பெய்ததா?

வழக்கமாக இவர்தான் உங்களுக்கு எழுதுவார். வலது கையில் நோவு என்பதால் இந்த முறை நான் எழுதுகிறேன். உங்கள் காது இருக்கும் நிலையில் தொலைபேசியில் கேட்கவும் முடியாது. கேட்க வேண்டிய விஷயமோ அவசரமானது.

சென்ற வருடம் இவர் ஏழு கோழிகள் வாங்கினார் என்று எழுதியிருந்தாரல்லவா? நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு வளவு இருக்கிறது. அதில் தன் கையாலேயே கூடு கட்டினார். இந்த ஊர்க் குளிரில் கோழி விறைத்துச் செத்துவிடும் என்று, பலகைச் சுவர் இரண்டு அடித்து இடையில் கண்ணாடிப் பஞ்சு அடைத்தார். கூரைக்குக் கறுப்புத் தார்த்தாள் போட்டார். ஓர் ஓட்டைகூட இல்லை. பனிக்காலம் முழுவதும் ஒரு கோழிக்கும் தடிமன்கூட வரவில்லை.

இப்போது வெயில் வந்துவிட்டது. மத்தியானம் கதவைத் திறந்தால் அடுப்பைத் திறந்ததுபோல் முகத்தில் அடிக்கிறது. கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்குகின்றன. இன்னும் ஆடி ஆவணி இருக்கிறது. நான் கொக்குவிலில் ரியூஷன் வகுப்புகளுக்கும் வீட்டுக்கும் நடுவே வளர்ந்தவள். முட்டையைக் கடையில்தான் பார்த்திருக்கிறேன். கோழிகளை வெக்கையிலிருந்து எப்படிக் காப்பாற்றுவது என்று விபரமாக எழுதுங்கள்.

பதிலை எதிர்பார்த்து,
நாயகி


மிருசுவில்
10.06.2006

அன்புள்ள நாயகிக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. நாங்கள் இருக்கிறோம். அத்தானுக்குக் கால் வீக்கம் கொஞ்சம் குறைவு. உன் கையெழுத்து அச்சுப்போல இருக்கிறது, தம்பி மனைவியின் எழுத்தைப் பார்த்துப் பழகு என்று என் தலையில் தட்டினார். உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

கோழிக்கு வேர்க்காது. அதற்கு வாயும் காலும் கொண்டையும்தான் வெக்கையை வெளியே விடும் வழி. அதனால் தண்ணீர்தான் முதல் மருந்து. நிழலில் மண்சட்டியில் வை. காலை வைத்த தண்ணீர் மத்தியானம் சுடும், மாற்று. மரத்துக்குக் கீழே மண்ணைக் கிளறித் தண்ணீர் தெளித்து விடு. அது தானாகப் போய்க் குழி பறித்து வயிற்றைக் குளிர்மைக்கு வைத்துக்கொண்டு படுக்கும். கூட்டின் வாசலில் நனைத்த சாக்குத் தொங்கவிடு. தானியத்தை விடியவும் பொழுதுபடவும் மட்டும் போடு. மத்தியானம் தின்றால் உடம்பு இன்னும் கொதிக்கும். வெள்ளரிக்காய், பூசணி, புளித்த மோர், நசுக்கிய சின்ன வெங்காயம் கொடுக்கலாம். மயங்கி விழுந்ததைத் தூக்கி ஐஸ் தண்ணீரில் போட்டுவிடாதே. காலை மட்டும் நனை.

அடைக்கு இருக்கிற கோழி இருந்தால் அதைத்தான் முதலில் பார். தாகம் எடுத்தாலும் எழும்பாது. இருந்தபடியே செத்துவிடும்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. தம்பி ரவி நடக்கப் பழகியதே என் கோழிகளின் பின்னால். இதெல்லாம் அவனுக்குத் தெரியாததா? வீட்டில் அவனை வைத்துக்கொண்டு ஏன் என்னைக் கேட்கிறாய்? கை நோகிறதென்றால் இடது கையால் இரண்டு வரி எழுதட்டும். கோணலாக இருந்தாலும் நான் வாசிப்பேன்.

அன்புடன்,
தங்கேஸ்வரி


அம்மருட்
25.06.2006

அன்புள்ள மச்சாளுக்கு,

நாங்கள் நல்ல சுகம். உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் செய்கிறேன். மண்சட்டி கிடைக்கவில்லை. பூமரம் வைக்கும் சாடிகளை வாங்கி அடி ஓட்டையை மெழுகால் அடைத்திருக்கிறேன். சாக்கும் இங்கே இல்லை. பழைய படுக்கைவிரிப்புகளை நனைத்துத் தொங்கவிடுகிறேன். பக்கத்து வீட்டு எமிலி என்ற நோர்வேக் கிழவி, வெயிலுக்குப் பிடிக்கும் பெரிய குடையொன்றைக் கொண்டுவந்து வளவில் நட்டுவிட்டுப் போனாள். பிளாஸ்ரிக் போத்தல்களில் தண்ணீரை உறையவைத்துக் கூட்டுக்குள் வைக்கவும் அவள்தான் சொல்லித் தந்தாள். கோழிகள் அவற்றில் சாய்ந்துகொண்டு நிற்கின்றன.

பொழுதுபடத் தானியம் போடச் சொன்னீர்கள். இந்த மாதத்தில் இங்கே பொழுதுபடவே இரவு பத்தரை தாண்டும், மச்சாள். நான் படுக்கப் போகும்போதும் வெளியே வெளிச்சம். கோழிகள் எப்போது அடைவதென்று தெரியாமல் களைத்துப்போய் நிற்கின்றன. இந்த ஊர்க் கோழிகளுக்கு உடம்பெல்லாம் தடித்த இறகு வேறு. கம்பளி போர்த்திக்கொண்டு வெயிலில் நிற்பதுபோல.

நான் முதியோர் இல்லத்தில் பகல் வேலை. உச்சி வெயில் நேரத்தில் தண்ணீர் மாற்ற வீட்டில் ஆள் இல்லை. சென்ற செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தபோது ஒரு கறுப்புக் கோழி சுவரோரம் செட்டையை விரித்தபடி கிடந்தது. தூக்கினேன், கழுத்துத் தொங்கியது.

இவர் திராமனில் ஒரு வேலைக்குப் போயிருக்கிறார். அங்கேயே தங்கியிருக்கிறார். அதனால்தான் எழுத முடியவில்லை. வந்ததும் எழுதச் சொல்கிறேன்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நாயகி


மிருசுவில்
08.07.2006

அன்புள்ள நாயகிக்கு,

நாங்கள் இருக்கிறோம். அத்தான் உன்னை மறக்காமல் கேட்டார்.

ஒரு கோழி போனதற்காக மனம் விடாதே. கூட்டுக்குக் காற்று வேண்டும். போத்தலும் படுக்கைவிரிப்பும் போதாது. எதிரெதிர்ச் சுவரில் பெரிதாக இரண்டு துவாரம் வெட்டு. அடைத்த பஞ்சைப் பிடுங்கி எறி. கூரைக்கு வெள்ளை பூசு. கறுப்பு வெயிலை இழுக்கும்.

இங்கே இரண்டு கிழமையாக என் கோழிகள் பொழுதுபட்டாலும் கொட்டிலுக்குள் போவதில்லை. முற்றத்தில் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, ஆமி நிற்கிற முகமாலைப் பக்கம் பார்த்தபடி நிற்கின்றன. எனக்குக் கேட்காததெல்லாம் அவற்றுக்குக் கேட்கிறது. அதைவிட மேலே எழுத எனக்கு விருப்பமில்லை.

இனி உன் விஷயம். முதல் கடிதத்தில் அவனுக்குக் கை நோவு என்றாய். இரண்டாவதில் திராமனில் வேலை என்கிறாய். கை நோகிறவன் எப்படி வேலைக்குப் போனான்? வேலைக்குப் போகிறவன் கோழியை உன்னிடம் விட்டுவிட்டுப் போவானா? நான் காது கேளாதவள், நாயகி. அதனால் வாசிக்கும்போது மற்றவர்களைவிடக் கவனமாக வாசிப்பேன். அவன் எங்கே?

தங்கேஸ்வரி


அம்மருட்
24.07.2006

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கேள்வியை வாசித்துவிட்டு இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன்.

உங்கள் தம்பி மே மாதத் தொடக்கத்திலிருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுக்குச் சுகமில்லை.

அவர் வேலை செய்த பேக்கரியை மூடிவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வேறு வேலை தேடினார், கிடைக்கவில்லை. பிறகு தேடுவதை விட்டார். கூடு கட்டியபோது நன்றாகத்தான் இருந்தார். பனி கொட்டத் தொடங்கியதும் கதை குறைந்தது. "குளிருது, நாயகி" என்பார். ஹீற்றரைக் கூட்டினாலும் குளிருது என்பார். சித்திரை பிறந்தபோது சாப்பாட்டையும் விட்டுவிட்டார். ஒருநாள் காலை வேலைக்குப் புறப்பட்டபோது ஆளைக் காணவில்லை. தேடிப் போனால் கோழிக்கூட்டுக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். ஏழு கோழிகளும் அவரைச் சுற்றிப் படுத்திருந்தன.

"வெளியிலை வாங்கோ."

"இஞ்சை குளிரேல்லை."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்தநாளும் அங்கேதான் இருந்தார். அதற்குப் பிறகுதான் வைத்தியரிடம் கொண்டுபோனேன்.

ஆஸ்பத்திரியில் ஒருவரோடும் பேச்சில்லை. நான் போனால் கோழிகளைப் பற்றி மட்டும் கேட்பார். வெளியே வெயில் முப்பதைத் தாண்டுகிறது. தாதிமார் கைவிசிறியோடு திரிகிறார்கள். இவர் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு யன்னலோரம் இருக்கிறார்.

"கூட்டுக் கதவு சாத்தினனியோ?"

"ஓம்."

"பஞ்சு விலகாமல் இருக்கோ? ஒரு ஓட்டை இருந்தாலும் காத்துப் பூந்திடும்."

"ஒரு ஓட்டையும் இல்லை."

"கோழியளுக்குக் குளிராதே?"

"இல்லையப்பா. குளிரேல்லை."

அவர் இப்படிக் கேட்ட அன்று காலைதான் நீங்கள் சொன்னபடி எமிலியின் மரம் அறுக்கும் வாளை வாங்கிச் சுவரை வெட்டினேன். அவர் வரிசை வரிசையாக அடைத்த பஞ்சைக் கையால் பிடுங்கினேன். கை இன்னும் அரிக்கிறது. கூரைக்கு வெள்ளையும் பூசினேன். ஆனால் அதற்குள் இன்னும் இரண்டு போய்விட்டன. அதில் ஒன்று அடைக்கோழி. நீங்கள் முதலில் பார்க்கச் சொன்னதைத்தான் என்னால் காப்பாற்ற முடியவில்லை.

ஏழும் சுகமென்றுதான் அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லில்தான் அவர் இருக்கிறார்போலத் தெரிகிறது. வைத்தியர், நல்ல செய்தி சொல்லுங்கள் என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்? நீங்கள் வளர்த்த தம்பி. நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.

நாயகி


மிருசுவில்
07.08.2006

என் பிள்ளை நாயகிக்கு,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. வாசித்து முடித்துவிட்டு உடனே எழுதுகிறேன். தபால் பெடியன் நாளைக்கும் வருவானா என்று தெரியவில்லை.

நீ தனியாக இவ்வளவையும் சுமந்திருக்கிறாய். என்னிடம் மறைத்ததற்குக் கோபமில்லை. அத்தானுக்கு இன்னும் சொல்லவில்லை, மெல்லச் சொல்வேன்.

கேட்டாய், அதனால் சொல்கிறேன். அவனுக்கு உண்மையைச் சொல்லிவிடு. ரவிக்குக் கோழி சாவது புதிதில்லை. இந்த வளவில் கீரி கடித்தது எத்தனை, நோயில் போனது எத்தனை. ஒவ்வொன்றையும் அவன்தான் வாழையடியில் தாட்டான். அழுவான், புதைப்பான், கையைக் கழுவிவிட்டு வந்து சாப்பிடுவான். சாவைத் தாங்குவான், நாயகி. தன்னை ஒதுக்கிவிட்டு மற்றவர்கள் கதைப்பதைத்தான் அவனால் தாங்க முடியாது. சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தான்.

எத்தனை மிஞ்சியிருக்கிறதோ அத்தனையைச் சொல். ஒன்றும் மிஞ்சாவிட்டால் அதையும் சொல். பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டு சொல். உன் வாயால் கேட்கட்டும். தானாகக் கண்டுபிடித்தால் அவனுக்கு நீயும் இல்லாமல் போய்விடுவாய்.

அத்தான் வாசலில் நின்று என்ன எழுதுகிறாய் என்று கைகாட்டிக் கேட்கிறார். உன்னை விசாரித்ததாக எழுதியிருக்கிறேன் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
மச்சாள்


அம்மருட்
20.08.2006

அன்புள்ள மச்சாளுக்கு,

நீங்களும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் பதில் இன்னும் வரவில்லை. முகமாலையில் சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள் என்று வானொலியில் சொல்கிறார்கள். மிருசுவில் சனம் ஊரைவிட்டு எழும்பிவிட்டது என்றும் கேள்விப்பட்டேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருமா என்றே தெரியாமல் எழுதுகிறேன். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

வெயில் தணிந்துவிட்டது. ஆனால் இங்கே ஒரேயொரு கோழிதான் மிஞ்சியிருக்கிறது. மற்றவை ஒரே கிழமைக்குள் போயின. அந்தக் கிழமை முழுவதும் காற்று அசையவில்லை. வேலைக்கு லீவு கேட்டேன், தரவில்லை. எமிலி தன் மகளிடம் போயிருந்தாள். தண்ணீர் வைத்துவிட்டுப் போவேன், வந்து பார்ப்பேன். வாசலில் நின்று, கதவைத் திறக்கப் பயந்து, சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பேன்.

மிஞ்சிய கோழி சாப்பிடுவதில்லை. மற்றவை படுத்த இடத்தில் போய் நின்றுகொண்டு இருக்கிறது.

வைத்தியர் இன்று சொன்னார், உங்கள் தம்பியை அடுத்த மாதம் ஒரு சனி ஞாயிறு வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கலாமாம். அதைக் கேட்டதும் இவர் முதன்முறையாகச் சிரித்தார். "கோழியளைப் பாக்கலாம்" என்றார்.

மச்சாள், என்ன செய்வேன்? நீங்கள் ஒரு சொல் எழுதியிருந்தால் போதும்.

நாயகி


அம்மருட்
17.09.2006

அன்புள்ள மச்சாளுக்கு,

எங்கே இருக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று எந்தத் தகவலும் இல்லை. செஞ்சிலுவைச் சங்கத்தில் உங்கள் இருவர் பெயரையும் கொடுத்து வைத்திருக்கிறேன். கடவுள் உங்களைக் காக்கட்டும்.

கடைசிக் கோழியும் ஆவணி முடிவதற்குள் போய்விட்டது. அவர் வரும் நாள் கிட்டக் கிட்ட எனக்கு நித்திரை இல்லை. லில்லெஸ்ட்ரோமுக்கு அப்பால் ஒரு பண்ணையில் அதே இனக் கோழிகள் இருப்பதாக எமிலி சொன்னாள். போய், நிறம் பார்த்து, பருமன் பார்த்து ஏழு வாங்கி வந்தேன். வெட்டிய சுவரைப் பலகை வைத்து மூடினேன். கூரையில் பூசிய வெள்ளையைச் சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை.

நேற்றுக் காலை அழைத்து வந்தேன். வாகனத்தில் இருந்து இறங்கியவர் வீட்டுக்குள் போகவில்லை. நேரே பின்வளவுக்குப் போனார். வேலியில் கையை வைத்து வழமைபோல "பா... பா... பா..." என்று கூப்பிட்டார். பழையவை அந்தக் குரலுக்கு ஓடிவந்து காலில் ஏறும். இவை பயந்து வளவின் மறுமூலைக்கு ஓடி ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நின்றன.

இவர் கூட்டைச் சுற்றி வந்தார். நான் அடித்த பலகையைத் தடவிப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"ஆர் வெட்டினது?"

"நான்தான். உள்ளுக்குச் சரியான வெக்கை."

"இதுகள் என்ரையில்லை."

அப்போது நான் சொல்லியிருக்கலாம், மச்சாள். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன்.

"உங்கடைதானப்பா. கனநாள் காணேல்லை. அதுதான் மறந்துபோச்சுதுகள்."

அவர் பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"சரி" என்றார்.

அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. சோறு போட்டேன், சாப்பிட்டார். தேத்தண்ணி கொடுத்தேன், குடித்தார். இன்று மாலை வரைக்கும் நிற்கலாம் என்று வைத்தியர் விட்டிருந்தார். காலையிலேயே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

பின்வளவில் அந்தக் கோழிகள் சத்தம் போடுகின்றன. தண்ணீர் வைக்கப் போக எனக்குக் கால் வரவில்லை.

நாயகி


சாவகச்சேரி
02.11.2006

அன்புள்ள நாயகிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். இந்தக் கடிதத்தைக் கப்பலில் கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்து விடுகிறேன். ஆவணியில் நான் எழுதியது உனக்குக் கிடைத்ததா தெரியவில்லை. உன்னிடமிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை.

மிருசுவிலை விட்டு எழும்பி வந்து இரண்டரை மாதம். முதலில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். இப்போது தெரிந்த ஒருவருடைய வீட்டு விறாந்தையில் இருக்கிறேன். அரிசி கிடைக்கும் நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிறது.

புறப்பட்ட அன்று எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கோழிகள் செட்டையை அடித்துக்கொண்டு கொட்டில் கம்பியில் மோதின. பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து கையைப் பிடித்து இழுத்தபோதுதான் விளங்கியது. கொண்டுவர எதையும் எடுக்கவில்லை. கொட்டில் கதவைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தேன். மூடிவிட்டு வந்தால் உள்ளேயே தாகத்தில் செத்துப்போகும். வெளியே விட்டால் நாய் பிடிக்கும், ஆமி பிடிக்கும், ஆனால் கிணற்றடிக்காவது போகும் என்று நினைத்தேன். ஒழுங்கை முடியும் வரைக்கும் எனக்குப் பின்னால் ஓடிவந்தன. பிறகு நின்றுவிட்டன.

ரவி எப்படி? அவனுக்கு எல்லாம் சொல்லிவிட்டாயா? சொல்லியிருப்பாய் என்று நினைத்துத்தான் மனம் ஆறுகிறேன். என்னைப் பற்றி அவனுக்கு எழுத ஒன்றுமில்லை. அக்கா இருக்கிறாள் என்று மட்டும் சொல்.

அன்புடன்,
தங்கேஸ்வரி


அம்மருட்
14.01.2007

அன்புள்ள மச்சாளுக்கு,

இங்கே சுகமென்று எழுத முடியவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

உங்கள் இரண்டு கடிதங்களும் மார்கழி கடைசியில் ஒரேநாளில் வந்தன. ஆவணியில் எழுதியதை முதலில் உடைத்தேன். "உண்மையைச் சொல்லிவிடு" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அது எனக்கு வந்து சேர வேண்டிய நேரத்தில் எந்தப் பையில், எந்தத் தபால் கந்தோரில் கிடந்ததோ.

நத்தார் பண்டிகைக்கு முன் உங்கள் தம்பியை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மருந்து கொடுத்து, இனி வீட்டில் இருந்து பார்க்கலாம் என்றார்கள். என்னோடு பேச்சில்லை. புதுக் கோழிகளுக்குத் தீன் போடுவார், தண்ணீர் வைப்பார். ஆனால் ஒன்றையும் கையால் தொடமாட்டார், கூப்பிடவும் மாட்டார். புரட்டாதியில் சொன்ன அந்தச் "சரி"க்குப் பிறகு அவர் வாயிலிருந்து எனக்கென்று ஒரு சொல் வரவில்லை.

இரண்டு கிழமை தயங்கிவிட்டு, மூன்று நாளைக்கு முன்தான் உங்கள் கடிதங்களை அவருக்கு வாசித்தேன். இரண்டையும் முழுதாக, ஒன்றையும் விடாமல். ஆவணிக் கடிதத்தை வாசிக்கும்போது மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கார்த்திகைக் கடிதத்தில் கோழிகள் ஒழுங்கை வரைக்கும் ஓடிவந்த இடத்தில் அழத் தொடங்கினார். பெரிய சத்தமாக, வாயைப் பொத்தாமல் அழுதார். நான் நிறுத்தினேன். "வாசி" என்று கைகாட்டினார். முடித்ததும் கேட்டார்.

"அத்தானைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையே?"

திரும்பவும் வாசித்துப் பார்த்தேன். எழுதவில்லை. பள்ளிக்கூடத்தில் "இருந்தோம்" என்று தொடங்கி விறாந்தையில் "இருக்கிறேன்" என்று முடித்திருக்கிறீர்கள்.

"ஏன் எழுதேல்லை?"

"எனக்குத் தெரியாது" என்றேன். தெரியும்போல இருந்தது. ஆனாலும் தெரியாததைத் தெரியும் என்று சொல்லவில்லை.

அவர் கடிதத்தை வாங்கி மடித்து வைத்தார். பிறகு என்னை நேரே பார்த்தார்.

"ஏழும் எப்பிடிச் செத்ததெண்டு சொல்லு."

சொன்னேன். சுவரோரம் செட்டை விரித்துக் கிடந்ததில் தொடங்கினேன். முட்டை போட வந்து பெட்டியிலேயே சாய்ந்ததைச் சொன்னேன். அடைக்கோழியைச் சொன்னேன். அதை நான் மூன்றுமுறை தூக்கித் தண்ணீரண்டை விட்டேன், மூன்றுமுறையும் திரும்பிப் போய்க் குஞ்சு பொரிக்காத அந்த முட்டைகளின் மேலேயே இருந்தது. கண்ணைத் திறந்தபடி செத்திருந்தது. நான் கையில் வைத்துக் காலை நனைக்க நனைக்க மூச்சு நின்றதையும், வேலையால் வரும்போது கூட்டு மூலையில் ஒன்றாகக் கிடந்த இரண்டையும் சொன்னேன். சாப்பிடாமலே நின்று போன கடைசிக் கோழியைச் சொன்னேன். ஒரு இடத்திலும் அவர் குறுக்கே பேசவில்லை.

"எங்கை தாட்டனி?"

மச்சாள், அதை அவர் கேட்பார் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"புதைக்கேல்லை. வளவு தோண்டக் கூடாதெண்டு வீட்டுக்காரன் சொன்னவன். பையிலை கட்டிக் குப்பைக்குள்ளை போட்டனான்."

"ஏழையுமோ?"

"ஓம்."

தலையை ஆட்டினார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சொல்லியிருந்தால் நான் வந்திருப்பனே, நாயகி. ஒண்டையெண்டாலும் கையிலை எடுத்துப் பாத்திருப்பனே."

அதன்பிறகு எழுந்து போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அடுத்தநாள் சாப்பிடவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் தானே வந்து, "என்னைத் திருப்பி அங்கை கொண்டுபோய் விடு" என்றார்.

இன்று மத்தியானம் கொண்டுபோய் விட்டேன். வெளியே பனி இடுப்பளவு நின்றது. தொப்பி போட மறந்துவிட்டார், நான் எடுத்துக் கொடுத்ததை வாங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இனிக் கொஞ்சநாளைக்கு என்னைப் பாக்க வராதை" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த யாரோ ஒருவருக்கு இடம் விடச் சொல்வதுபோலச் சொன்னார். கண்ணாடிக் கதவு அவருக்குப் பின்னால் தானாக மூடியது. உள்ளே நீளமான நடை. அதன் முடிவில் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

நீங்கள் எழுதுங்கள், மச்சாள். அத்தானைப் பற்றி எழுதுங்கள். எப்படிப்பட்ட செய்தியாக இருந்தாலும் எழுதுங்கள். நான் இந்த வீட்டில்தான் இருக்கிறேன்.

நாயகி